மரமும் பருவமும் மனிதரும்: அமெரிக்க இயற்கைநிலை ஒளிப்படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

1

ஒரு கலைஞன் மரமொன்றைத் தன் பொருளாகக் கொள்ளும்போது அவன் மரத்தை மாத்திரம் தெரிவுசெய்வதில்லை. எந்த நிலத்து மரம், எந்தப் பொழுதின் மரம், யாருடைய கண்ணுக்குப் புலனாகும் மரம் என்பனவும் அத்தெரிவினுள் அடங்கும். ஓவியனுக்கும் கவிஞனுக்கும் பொருந்தும் இக்கூற்று, ஒளிப்படக் கலைஞனுக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்துவதாகும். ஓவியன் தான் விரும்பாததை வரையாது விடலாம். கமராவோ தன் முன்னுள்ள யாவற்றையும் பதிந்துகொள்வது. எனவே விரும்பாததை விலக்குவதற்கு ஒளிப்படக் கலைஞன் தான் நிற்கும் இடத்தையும், சட்டகத்தின் எல்லையையும், படம்பிடிக்கும் பொழுதையும் மாற்ற வேண்டியவனாகின்றான். இதனால், ஒளிப்படத்தில் உள்ளது எது என்னும் வினாவோடு, சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது எது என்னும் வினாவும் விமர்சனத்துக்கு இன்றியமையாததாகின்றது.

மரங்களைப் பருவந்தோறும் படம்பிடித்தல் இன்று உலகெங்கும் பரவிவிட்ட ஒரு வழக்காகும். தளிர்விடும் மரம், தழைத்து நிற்கும் மரம், இலை பழுத்து உதிரும் மரம், பனி போர்த்த மரம் என்னும் நான்கு காட்சிகளும் நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் வங்கிகளின் சுவர்களிலும் ஓயாது இடம்பெறுகின்றன. பனியையே காணாத நாடுகளிலும் இந்நான்குமே ‘இயற்கையழகு’ என்பதன் மறுபெயராகிவிட்டன. இவ்வழக்கு தானே தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளம்பெற்ற இயற்கைநிலை ஒளிப்படக்கலையே இதன் இலக்கணத்தைப் பெரிதும் வகுத்தது எனலாம். அவ்விலக்கணத்தை வகுத்தோருள் முதன்மையானவர்கள் அன்சல் அடம்ஸ் (1902-1984), எலியற் போர்ட்டர் (1901-1990) ஆகிய இருவராவர். ஒருவர் கறுப்பு வெள்ளையிலும் மற்றவர் வண்ணத்திலும் சாதனை புரிந்தவர்கள். இவ்விருவரது மரப் படங்களின் சிறப்பையும் எல்லைப்பாட்டையும் ஒருங்கு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அடம்ஸ் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தவர். பியானோ இசைஞராக வேண்டும் என்ற நோக்குடன் இளமையிற் பயின்றவர். 1916ஆம் ஆண்டில், தமது பதினான்காவது வயதில், பெற்றோருடன் கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது கையிற் கிடைத்த எளிய கொடாக் பெட்டிக் கமராவே அவரை இத்துறைக்கு ஈர்த்தது. 1932இல் எட்வேட் வெஸ்ரன், இமொஜன் கன்னிங்ஹாம் முதலியோருடன் இணைந்து அவர் அமைத்த குழுவின் பெயர் ‘எஃப் 64’ என்பது. கமராவின் ஒளித்துளையை மிகச் சிறிதாக்கும் அளவினைக் குறிக்கும் இப்பெயரே அக்குழுவின் கொள்கையையும் உணர்த்தும். அண்மையிலுள்ள புல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒரே கூர்மையுடன் பதிய வேண்டும் என்பதும், ஒளிப்படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி ஓவியம்போலத் தோன்றச் செய்யும் முந்திய போக்குக் கைவிடப்பட வேண்டும் என்பதும் அவர்களது நிலைப்பாடாயிருந்தன.

1940ஐ அண்டிய ஆண்டுகளில் பிரெட் ஆச்சர் என்பவருடன் சேர்ந்து அடம்ஸ் உருவாக்கிய ‘வலய முறை’ இக்கலையின் தொழில்நுட்ப வரலாற்றில் முக்கியமானதொன்று. முழுக் கருமையிலிருந்து முழு வெண்மை வரையுள்ள ஒளிநிலைகளைப் படிகளாக வகுத்து, காட்சியின் எப்பகுதி அச்சுப்படியில் எந்நிலையில் அமைய வேண்டும் என்பதைப் படம்பிடிக்கும் முன்பே தீர்மானிக்க இம்முறை வழிசெய்தது. நெகற்றிவ் இசைக்குறிப்புப் போன்றது, அச்சுப்படி அதனை வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி போன்றது என்னும் அவரது ஒப்பீடு நன்கறியப்பட்டது. ஆகவே அவருடைய படங்களைக் ‘கண்டவாறே பதிந்தவை’ எனக் கருதுதல் தவறாகும். அவை திட்டமிட்டு ஆக்கப்பட்டவை.

இதற்குத் தக்க சான்றாக அமைவது, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் வடபகுதியில் 1958இல் எடுக்கப்பட்ட அஸ்பென் மரங்களின் படமாகும். இலையுதிர்காலத்தில் அஸ்பென் இலைகள் பொன்மஞ்சளாக மாறும். அந்நிறத்தைத் தேடியே மக்கள் மலையேறுவர். அடம்ஸின் படத்திலோ அந்நிறம் இல்லை. ஏறத்தாழ முழு இருளான காட்டின் முன்னால் மெல்லிய அடிமரங்களும் ஓரிளங்கன்றின் இலைகளும் வெண்மையாக ஒளிர்கின்றன. நேர்வெயில் படாத நிழலிலே, வானத்தினதும் தொலைமுகில்களினதும் பரவிய ஒளியிலேயே அது எடுக்கப்பட்டது. வெயிலில் எடுத்த படமெனவே பார்வையாளர் பலரும் எண்ணுவதைப் பின்னர் அவரே குறிப்பிட்டுள்ளார். மஞ்சள் வடிகட்டி பழுத்த இலையை வெளுக்கச் செய்ய, நீலச் சாயல் கொண்ட நிழல் மேலும் கறுத்தது. இலையுதிர்காலம் என்னும் பருவம் இங்கு நிறத்தால் அன்றி ஒளியால் உணர்த்தப்படுகின்றது. ‘அழியப்போகும் இலை’ என்ற செய்தி, ‘இருளில் எரியும் ஒளி’ என்ற அனுபவமாக மாற்றம்பெறுகின்றது. இது உண்மையான கலை மாற்றம் என்பதில் ஐயமில்லை.

யொசெமிற்றியில் 1948இல் எடுக்கப்பட்ட ‘பனிப்புயலில் ஓக் மரம்’ என்னும் படமும் இத்தகையதே. கிளைகள்தோறும் பனி படிந்த ஒற்றை மரம் சட்டகத்தை நிறைத்து நிற்கின்றது. பின்னணி முழுவதும் பனிப்பொழிவில் மங்கிக் கரைகின்றது. மலையும் பாதையும் கட்டடமும் இல்லை. மரமும் பனியும் மாத்திரமே உள. உலகின் முதல் மாரிக்காலமோ என எண்ணுமாறு அப்படம் காலத்தைக் கடந்ததொரு தோற்றத்தை அளிக்கின்றது. அதன் வலிமையும் அதுவே. பின்னர் காட்டப்படவுள்ளவாறு அதன் குறைபாடும் அதுவே.

3

போர்ட்டர் வேறொரு வழியால் இக்கலைக்கு வந்தவர். ஹாவேட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று அங்கேயே ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் ஈடுபட்டிருந்த அவர், 1938ஆம் ஆண்டின் இறுதியில் அல்பிரெட் ஸ்ரீக்லிற்ஸ் நியூயோர்க்கிலுள்ள தமது காட்சிக்கூடத்தில் அவருடைய படங்களுக்கு இடமளித்ததை அடுத்துப் பல்கலைக்கழகப் பணியைத் துறந்தார். வண்ணப்படத்தை அவர் நாடியது அழகுணர்ச்சியினால் மட்டுமன்று. பறவைகளைப் படம்பிடித்த அவருக்கு, இனம் பிரித்தறிய வண்ணம் தேவைப்பட்டது. அறிவியலாளனுக்குரிய இந்தத் துல்லிய நாட்டம் அவரது மரப் படங்களிலும் தொடர்ந்தது. வண்ணப்படம் விளம்பரத்துக்கே உரியது, கலைக்கு ஆகாது என்ற எண்ணம் வலுவாயிருந்த காலத்தில், மூன்று வண்ணக் கூறுகளைத் தனித்தனியே பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் சாயமாற்று முறையைத் தம் கையாலேயே செய்து, வண்ணத்தின் மீது முழு ஆட்சியையும் பெற்றவர் அவர்.

1962இல் சியரா கழகம், டேவிட் புறூவரின் பதிப்பாசிரியத்துடன் வெளியிட்ட போர்ட்டரின் நூல் இவ்வகையில் ஒரு திருப்புமுனையாகும். நியூ இங்கிலாந்துப் பகுதியை மையமாகக் கொண்ட படங்கள் பருவ ஒழுங்கில் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஹென்றி டேவிட் தோரோவின் உரைநடைப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டது. பெரிய அளவில் விலையுயர்ந்ததாக வெளிவந்த அந்நூல், பின்னர் மலிவுப் பதிப்பாகவும் பரவியது.

அடம்ஸின் மரம் தனித்து நிற்கும் வீரன் போன்றது என்றால், போர்ட்டரின் மரம் கூட்டத்தில் ஒன்று. பெரும்பாலும் அவர் வானத்தையே காட்டுவதில்லை. அடிமரத்துப் பாசி, சேற்றிற் கிடக்கும் சருகு, பிர்ச் மரத்தின் வெள்ளைத் தோல், இலையிடுக்கில் நுழையும் கொடி ஆகியவற்றிலேயே அவர் பருவத்தைக் காண்கிறார். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் ஓடையொன்றில் எடுத்த படத்தில் மரமே இல்லை. உதிர்ந்த இலைகள் இருண்ட நீரின்மேல் மிதக்கின்றன, அவ்வளவே. எனினும் முழு இலையுதிர்காலமும் அதனுள் அடங்கியுள்ளது. அப்படத்தின் தலைப்பில் ஓடையின் பெயருடன் 1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி என்ற குறிப்பும் உண்டு. இடத்தையும் நாளையும் தலைப்பிலேயே குறிப்பது போர்ட்டரின் வழக்கம். அடம்ஸின் படங்களின் ஆண்டுகளைப் பல சந்தர்ப்பங்களில் ஆராய்ச்சியாளரே தேடிக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்பதை இதனோடு ஒப்பிடுதல் தகும். இச்சிறிய வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

4

இவ்வகைக் கலைமீது எளிதிற் கூறப்படும் கண்டனம் ஒன்றுண்டு. உலகம் சிதறிக்கொண்டிருக்கும்போது அடம்ஸும் வெஸ்ரனும் பாறைகளைப் படம்பிடித்துக்கொண்டிருக்கின்றனரே எனப் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிறெசோன் 1930களில் கூறியதாக வழங்கும் கூற்று அக்கண்டனத்தின் சாரமாகும். சமுதாயப் பயன்பாட்டை வற்புறுத்தும் விமர்சகர் பலர் இதனை அப்படியே ஏற்பர். ஆயின் இக்கண்டனம் மேலோட்டமானது. 1938இல் அடம்ஸ் வெளியிட்ட சியரா நெவாடா மலைப் படநூல், கிங்ஸ் கன்யன் பகுதியைக் காக்கும் முயற்சிக்குத் துணைநின்றது. 1940இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. போர்ட்டரின் நூல் வெளிவந்து இரண்டாண்டுகளில், 1964இல், வனநிலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு நூலால் ஒரு சட்டம் பிறந்தது எனக் கூறுதல் மிகையாகலாம். எனினும் அச்சட்டத்தை வேண்டி நின்ற பொதுமக்கள் உணர்வை வளர்த்ததில் இத்தகைய படங்களுக்குப் பங்குண்டு என்பதை மறுத்தற்கியலாது. எனவே மரத்தைப் படம்பிடித்தல் சமுதாயத்தைவிட்டு ஓடுதல் என்பது பொருந்தாது.

குறைபாடு மரத்தைப் படம்பிடித்ததில் இல்லை. மரத்தை முழுமையாகப் படம்பிடிக்காமையிலேயே உள்ளது. இதனை அளந்தறிய உதவும் அளவுகோல் ஒன்று தமிழ்ப் பொருளிலக்கணத்திலே காணப்படுகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பியம், ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தது. நிலத்தையும் பருவத்தையும் கலையின் அடிப்படையாகக் கொள்வதில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரும் பழந்தமிழ்ப் புலவரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் அடுத்த படியிலேயே வேறுபாடு தோன்றுகின்றது. மரம் அங்கு கருப்பொருள்களுள் ஒன்று. கருப்பொருட் பட்டியலில் மரம் தனித்து நிற்பதில்லை. தெய்வம், உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகின்றது. அதாவது, ஒரு நிலத்தின் மரத்தைப் பேசுவோன் அந்நிலத்தார் எதை உண்டனர், எத்தொழில் செய்தனர் என்பதையும் உடன்பேசக் கடமைப்பட்டவனாகின்றான். இதற்கும் மேலாக, நிலமும் பொழுதும் மரமும் யாவும் மனித ஒழுக்கமாகிய உரிப்பொருளிலேயே நிறைவு பெறுகின்றன.

வேற்றுநாட்டுக் கலையைத் தமிழ் இலக்கணத்தால் அளத்தல் முறையா என்ற ஐயம் எழலாம். திணைமரபும் குறையற்றதன்று. வழக்காகிப்போன நிலக்காட்சிகளுக்குப் பின்னால் நிலத்துக்கான போட்டியையும் பசியையும் மறைத்துவிடக் கூடியது அம்மரபு. எனவே இங்கு அது தீர்ப்புக்கூறும் சட்டமாகக் கொள்ளப்படவில்லை. ஒரு வினாவைத் தருவதாக மாத்திரமே கொள்ளப்படுகின்றது. மரம், உணவு, தொழில் என்னும் மூன்றும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டியவையாயின், யொசெமிற்றியின் ஓக் மரத்துக்குரிய உணவும் தொழிலும் யாவை என்பதே அவ்வினா.

5

இவ்வினாவுக்கு வரலாறு தெளிவான விடையை அளிக்கின்றது. யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு ஆளற்ற காடாக ஒருபோதும் இருந்ததில்லை. அவாநீச்சி எனப்பட்ட மக்கள் அங்கு நெடுங்காலம் வாழ்ந்தனர். ஓக் மரத்தின் கொட்டையே அவர்களது பிரதான உணவு. அதனைப் பொறுக்கி, உலர்த்தி, சேமித்து, இடித்து மாவாக்கி, அதன் கசப்பு நீங்கும்வரை நீர் ஊற்றிக் களைந்து சமைத்தல் பெண்களின் முக்கிய தொழிலாயிருந்தது. அதற்காக அவர்கள் பாறைகளிற் குடைந்த குழிகள் இன்றும் காணப்படுகின்றன. ஓக் மரங்கள் தழைக்கவும் புல்வெளி திறந்திருக்கவும் அவர்கள் காலந்தோறும் சிறு தீ வைத்துக் கீழ்க்காட்டை எரித்து வந்தனர். அத்தீ ஊசியிலை மரக்கன்றுகளை அழித்து, ஓக் மரத்துக்கு வெயிலை அளித்தது. சுருங்கக் கூறின், வெள்ளையர் கண்டு வியந்த அந்தப் பூங்கா போன்ற பள்ளத்தாக்கு, ஒரு மக்களின் தொழிலால் விளைந்த நிலமாகும்.

1848இல் கலிபோர்னியாவிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து நிலைமை மாறியது. 1851இல் மரிப்போசாப் படையணி அப்பள்ளத்தாக்கினுட் புகுந்தது. அங்கு வாழ்ந்தோரை வெளியேற்றுவதற்கு அப்படையினர் கையாண்ட வழிகளுள் ஒன்று, சேமித்து வைக்கப்பட்ட ஓக் கொட்டைகளை எரித்தலாகும். உணவை அழித்தால் மக்கள் அகல்வர் என்பது அவர்தம் கணிப்பு. பத்தாண்டுகளின் பின், 1861இல், கார்ள்ரன் வற்கின்ஸ் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளோடு அங்கு சென்று, பள்ளத்தாக்கினதும் பேருரு மரங்களினதும் புகழ்பெற்ற படங்களை எடுத்தார். 1864இல் ஜனாதிபதி லிங்கன் அந்நிலத்தைப் பொதுமக்கள் களிப்புக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். 1890இல் யொசெமிற்றி தேசியப் பூங்காவாயிற்று. தீவைக்கும் வழக்கம் ஒடுக்கப்பட்டதன் விளைவாக ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்து திறந்த வெளியை மூடத் தொடங்கியதைப் பள்ளத்தாக்கின் முதற் காப்பாளரான கேலன் கிளாக் என்பவரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சுட்டிக்காட்டினார்.

மேலும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அடம்ஸ் பனிப்புயலில் நின்ற ஓக் மரத்தைப் படம்பிடித்த 1948ஆம் ஆண்டிலும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1930களில் அமைக்கப்பட்ட சிறு குடியிருப்பொன்றில் அவர்கள் தங்கியிருந்தனர். கூடை பின்னுதலில் பெரும்புகழ் பெற்ற லூசி ரெலெஸ் என்ற பெண்மணி அங்கு வருவோருக்குத் தம் கலையைச் செய்துகாட்டி வந்தார். அக்குடியிருப்பின் எஞ்சிய வீடுகள் 1969இல் அகற்றப்பட்டன. ஆகவே ‘பனியும் மரமும் மாத்திரமே உள’ என்னும் அப்படத்தின் தோற்றம் இயற்கை அளித்ததன்று; சட்டகத்தின் எல்லை அளித்தது. உலகின் முதல் மாரிக்காலம் போலத் தோன்றுவது, உண்மையில் ஒரு வெளியேற்றத்துக்குப் பின் வந்த தொண்ணூற்றேழாவது ஆண்டு.

இதனால் அடம்ஸ் மனிதரை வெறுத்தவர் என்றோ, அநீதியைக் காணாதவர் என்றோ கொள்ளுதல் தவறாகும். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டபோது, 1943இல் அங்கு சென்று அவர்களைப் படம்பிடித்து, போர் முடியுமுன்பே 1944இல் அவர்கள் சார்பான நூலை வெளியிட்ட துணிவு அவருக்கிருந்தது. அம்முகாமின் படங்கள் சிலவற்றில், வயலில் உழைக்கும் மனிதரும் பின்னணியிலுள்ள சியரா மலையும் ஒரே சட்டகத்தில் அமைந்துள்ளனர். மனிதனையும் நிலத்தையும் ஒருங்கே காணும் ஆற்றல் அவரிடம் இல்லாதிருக்கவில்லை என்பதையே இது காட்டுகின்றது. ஆயின் அவரது மரங்கள் ஒரு நூலிலும் மனிதர் வேறொரு நூலிலுமாகப் பிரிந்தே நின்றனர். இப்பிரிவினை தனிமனிதரின் குறையன்று. ஒரு சமுதாயத்தின் கருத்துநிலை. மனிதன் வந்துபோகும் விருந்தாளியே அன்றித் தங்கிவாழ்வோன் அல்லன் என வனநிலத்துக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரைவிலக்கணத்திலும் அதே கருத்துநிலையைக் காணலாம். தங்கிவாழ்ந்தோர் அகற்றப்பட்ட பின்னரே அவ்வரைவிலக்கணம் சாத்தியமாயிற்று என்பது மறக்கற்பாலதன்று.

போர்ட்டரின் நியூ இங்கிலாந்துக் காடுகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். அப்பிரதேசத்தின் காடுகளிற் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் விவசாயத்துக்கென வெட்டப்பட்டிருந்தது. பின்னர் உழவர் மேற்குநோக்கியும் ஆலைநகர்களை நோக்கியும் பெயர, கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் மரங்கள் முளைத்தன. காடுகளின் நடுவே இன்றும் காணப்படும் கல்வேலிகள் அதற்குச் சான்று. வெட்டப்பட்ட காடு எவ்வாறு மீள்கின்றது என்பதை 1860இல் ஆராய்ந்து உரை நிகழ்த்தியவர் வேறெவருமல்லர், தோரோவே. ஆனால் அவர் எழுத்துகளோடு சேர்த்து அச்சிடப்பட்ட படங்களில் காடு என்றும் அங்கேயே இருந்ததுபோற் காட்சியளிக்கின்றது.

6

இங்கு பருவம் பற்றிய அடிப்படையான வினா ஒன்று எழுகின்றது. பருவம் என்பது சுழலும் காலம். உதிர்ந்த இலை மீண்டும் தளிர்க்கும்; மாரிக்குப் பின் வசந்தம் வரும். இச்சுழற்சி மனத்துக்கு ஆறுதல் அளிக்கின்றது. வரலாறோ சுழல்வதன்று, எரிந்த உணவுக் களஞ்சியமும் வெளியேற்றப்பட்ட குடியும் அடுத்த வசந்தத்தில் தாமாகத் திரும்புவதில்லை. பருவப் படங்களின் பேராபத்து, சுழலும் காலத்தைக் காட்டி வரலாற்றுக் காலத்தை மறக்கச் செய்தலாகும். நாட்காட்டிகள் அவற்றை விரும்புவதன் காரணமும் இதுவே. ஆண்டு கழியும், ஆனால் எதுவும் நிகழாது.

இதனைப் போர்ட்டரே உணர நேர்ந்தது என்பதே அவர் கலைவாழ்வின் முக்கியமான நிகழ்வு. பருவநூல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1963இல், கொலராடோ ஆற்றின் கிளென் கன்யன் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் கிளென் கன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டு, அப்படங்களிற் காணும் இடங்களை நீர் மூடத் தொடங்கியது. முதல் நூலில் ஒவ்வொரு மரமும் மீண்டும் தளிர்க்கப்போகும் மரம். இரண்டாம் நூலில் ஒவ்வோர் இலையும் இறுதி இலை. கமராவும் கண்ணும் வண்ணமும் ஒன்றாயிருக்க, காலம் மாத்திரம் மாறுகின்றது. அங்கு அழகு ஆறுதல் தருவதில்லை, குற்றம் சாட்டுகின்றது. எந்த முடிவால், யாருக்குரிய நீருக்காக, எந்த மின்சாரத்துக்காக இது மூழ்குகின்றது என்று கேட்கத் தூண்டுகின்றது. கலைநயத்தில் முதல் நூலே சிறந்தது எனக் கூறுவோர் உளர். ஆயினும் வரலாற்றுணர்வில் இரண்டாவதே உயர்ந்தது எனல் வேண்டும்.

தனிமரம் ஒன்றின் கதையும் இதனை வலியுறுத்தும். யொசெமிற்றியின் சென்ரினல் டோம் உச்சியில், காற்றால் வளைந்து நின்ற ஜெப்ரி பைன் மரத்தை வற்கின்ஸ் 1867இலும் அடம்ஸ் 1940இலும் படம்பிடித்தனர். எண்ணற்ற பயணிகளும் படம்பிடித்தனர். எதனையும் தாங்கிநிற்கும் உறுதிக்கு அம்மரம் குறியீடாயிற்று. 1976, 1977ஆம் ஆண்டுகளின் வரட்சியில், மக்கள் வாளிகளில் நீர் சுமந்து ஊற்றியும் அது பட்டுப்போயிற்று. 2003இல் வீழ்ந்தது. குறியீடாகிவிட்ட மரமும் மழையின்றி வாழாது என்பதை அது நிறுவியது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை மேலும் கடுமையானவை. 2012 முதல் 2016 வரை நீடித்த வரட்சியிலும் அதனைத் தொடர்ந்த வண்டுத் தாக்கத்திலும் கலிபோர்னியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மடிந்தன. 2020இல் மூண்ட ‘காசில்’ தீயில் மாத்திரம் உலகிலுள்ள பெருஞ் செக்கோயா மரங்களுள் 10 முதல் 14 சதவீதம் வரை அழிந்தன என மதிப்பிடப்பட்டது. சிறு தீக்குப் பழகிய அம்மரங்கள் பெருந்தீக்கு இரையானமைக்குப் புவி வெப்பமடைதலோடு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிறு தீயைத் தடுத்து எரிபொருளைக் குவியவிட்டமையும் காரணமாகும். பூர்வீக மக்களின் தொழிலைப் படத்திலிருந்து அகற்றியதும் நிலத்திலிருந்து அகற்றியதும் ஒரே பார்வையின் இரு செயல்கள் என்பது இவ்விடத்து நன்கு புலனாகும்.

பருவமும் இன்று பழைய சுழற்சியில் நிற்கவில்லை. தோரோ 1850களில் கொன்கோட் ஊரில் மலர்கள் பூத்த நாள்களைக் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்புகளைப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சட் பிறைமக்கும் அவருடன் ஆய்வு செய்தோரும் இக்காலப் பூப்போடு ஒப்பிட்டு, அங்கு செடிகள் சராசரியாக ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகப் பூக்கின்றன என 2008இல் எடுத்துக்காட்டினர். தோரோவின் அழகிய உரைநடையைவிட அவரது நாட்குறிப்பு அட்டவணை இவ்விடயத்தில் வலிமையான சான்றாயிற்று. போர்ட்டர் தலைப்புகளில் நாளையும் இடத்தையும் குறித்தமையின் பெறுமதி இங்குதான் வெளிப்படுகின்றது. 1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி ஓர் ஓடையில் எவ்விலைகள் எந்நிறத்தில் மிதந்தன என்பது அன்று ஓர் அழகுக் காட்சி. இன்று அது ஓர் ஆவணமுமாகும். நாள் குறித்த படம் வரலாற்றில் நிற்கின்றது. நாள் நீங்கிய படம் நாட்காட்டியில் தொங்குகின்றது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அடம்ஸும் போர்ட்டரும் மரத்தையும் பருவத்தையும் காணும் கண்ணை உலகுக்கு அளித்தவர்கள் என்பது ஏற்கத்தக்கதே. ஒளியின் படிநிலைகளை அடம்ஸும் வண்ணத்தின் உண்மையை போர்ட்டரும் கற்பித்தனர். அவர்களது உழைப்பையும் ஒழுங்கையும் பின்பற்றாது, அவர்கள் நின்ற இடங்களில் மாத்திரம் சென்று நிற்கும் பின்னோர் அவர்களது நிழலையே பிரதி செய்கின்றனர். அதே வேளையில், நிலத்தையும் பொழுதையும் காட்டி, உணவையும் தொழிலையும் விட்ட அவர்களது சட்டகம் நிறைவானதன்று. அது விட்டவற்றை நிரப்புதல் இனிவரும் கலைஞரின் கடனாகும்.

அதற்குக் களமும் இல்லாமற் போகவில்லை. 2018இல் தென் சியரா மிவொக் மக்கள் பூங்கா நிர்வாகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் தம் முன்னோர் வாழ்ந்த வஹோகா என்னும் கிராமத்தை மீண்டும் எழுப்பும் உரிமையைப் பெற்றனர். அங்கு ஓக் மரம் இன்றும் இலையுதிர்காலத்திற் கொட்டை உதிர்க்கின்றது. அதன் கீழே குனிந்து பொறுக்கும் கைகளையும் கூடையையும் ஒரே சட்டகத்துள் அடக்கும் படம், பனியில் தனித்து நின்ற மரத்தின் படத்தைவிட அழகில் குறைந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் அம்மரத்தைப் பற்றிய உண்மை அதிலேயே நிறைவுறும். மரத்தின் பருவம் இலையோடு முடிவதன்று. அதன் கீழ் வாழ்வோரின் வாழ்வோடும் சேர்ந்தது.